வாய்ப்புற்றுநோயும் மின்துடிப்புச் சிகிச்சையும்: எமது குடும்பங்கள் அறிய வேண்டியவை

“இதென்ன பிள்ளை, ஒரு சின்னப் புண்தானே. சுண்ணாம்பு கூடிப்போச்சுது. ரெண்டு நாளிலை ஆறிப்போயிடும்.”

எமது கிராமங்களில் வீடு வீடாகச் செல்லும் சுகாதாரத் தொண்டர்கள் அடிக்கடி கேட்கும் பதில் இது. இந்த இரண்டு நாள் இரண்டு மாதமாகிவிடும். வெங்காயம் கிண்டி முடியட்டும், பற்றை வெட்டிக் காணி துப்புரவாக்கி முடியட்டும், வீட்டுத்திட்டக் காசின் அடுத்த பகுதி வரட்டும் என்று ஆஸ்பத்திரிப் பயணம் தள்ளிப்போகும். கடைசியில் கழுத்தில் கட்டி தெரிந்த பின்னரே பெரியாஸ்பத்திரிக்குப் போவார்கள். அப்போது வைத்தியர் கேட்கும் முதற் கேள்வி, “ஏன் ஐயா இவ்வளவு நாளும் வரவில்லை?” என்பதாகவே இருக்கும்.

இலங்கையில் ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே. வெற்றிலை, பாக்கு, புகையிலை, சுருட்டு, பீடி, மதுபானம் ஆகியவையே இதற்கு முதன்மையான காரணங்கள். இடம்பெயர்ந்து வாழ்ந்த, வாழ்கின்ற எமது குடும்பங்களுக்கு இது வெறும் புள்ளிவிபரம் அல்ல. முகாம்களில் பசியை மறக்கவும் நேரத்தைப் போக்கவும் வெற்றிலை போடப் பழகியவர்கள் பலர். வயலும் தோட்டமும் இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம், சொந்தக் காணிக்குத் திரும்பிய பின்னரும் விட்டுப்போகவில்லை.

அண்மைக் காலத்தில் இன்னொரு பேச்சும் காதில் விழுகிறது. “வெளிநாட்டிலை கறண்ட் பிடிச்சு புற்றுநோயைக் கரைக்கினமாம்” என்று புலம்பெயர்ந்த உறவினர் தொலைபேசியில் சொன்னதாக ஒருவர் சொல்ல, அது பத்துப் பேரிடம் போய் பத்து விதமாக மாறிவிடுகிறது. இதில் உண்மை எவ்வளவு? மின்சாரம் புற்றுநோயைக் குணமாக்குமா? அப்படியானால் எமக்கு அது கிடைக்குமா? இக்கேள்விகளுக்கு எமது வாசகர்கள் விளங்கிக்கொள்ளும் வகையில் விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தண்ணி மாறுவதுபோல ஒரு வைத்தியம்

முதலில் நோயை விளங்கிக்கொள்வோம். எமது உடல் கோடிக்கணக்கான கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலத்தையும் சுற்றி மெல்லிய மென்சவ்வு ஒன்று உண்டு. தோட்டத்தில் ஒவ்வொரு பாத்தியையும் சுற்றி வரம்பு கட்டியிருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். புற்றுநோய் என்பது சில கலங்கள் கட்டுப்பாடின்றிப் பெருகி, பக்கத்துப் பாத்திகளுக்குள்ளும் புகுந்து பரவுவதாகும்.

புற்றுநோய்க் கலங்களை அழிக்கும் மருந்துகள் பல உள்ளன. அவற்றுள் ஒன்று பிளியோமைசின். யப்பானிய விஞ்ஞானி ஹமாவோ உமெசாவாவும் அவரது குழுவினரும் 1960களில் மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து இதைப் பிரித்தெடுத்தனர். மண் எமக்கு நெல்லும் குரக்கனும் மட்டும் தருவதில்லை, மருந்தும் தருகிறது. பிளியோமைசின் கலத்தின் உள்ளே சென்றால் அதன் மரபுப் பொருளையே துண்டு துண்டாக வெட்டிவிடும் ஆற்றல் கொண்டது. ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. அது கலத்தின் சவ்வை இலகுவில் தாண்டுவதில்லை. வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடுகிறது, ஆனால் வரம்பு வெட்டித் திருப்பி விடாதபடியால் பாத்தி காய்ந்து கிடக்கிறது. நிலைமை ஏறக்குறைய இதுவேதான்.

கிணற்றில் இறைப்பு நடக்கும்போது மண்வெட்டியோடு நின்று தண்ணி மாறுபவரை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். வரம்பை ஒரு கொத்துக் கொத்தி வாயைத் திறப்பார். பாத்தி நிறைந்ததும் அதே மண்ணால் அடைத்துவிடுவார். மின்துடிப்புச் சிகிச்சையில் அந்த மண்வெட்டியின் வேலையைச் செய்வது மின்சாரம். கட்டியின் இரு பக்கத்திலும், அல்லது கட்டிக்குள்ளேயே, ஊசி போன்ற மின்வாய்கள் வைக்கப்படுகின்றன. அவற்றினூடாக மிகக் குறுகிய மின்துடிப்புகள் செலுத்தப்படும்போது கலச்சவ்வில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் திறக்கின்றன. இரத்தத்தில் ஏற்கனவே ஏற்றப்பட்டுள்ள மருந்து அத்துளைகளினூடாக உள்ளே பாய்கிறது. சற்று நேரத்தில் சவ்வு தானாகவே மூடிக்கொள்கிறது. மருந்து உள்ளே அகப்பட்டுவிடுகிறது.

ஆகவே புற்றுநோயைக் கொல்வது மின்சாரமல்ல, மருந்தேயாகும். மின்சாரம் வழிதிறந்து விடுகிறது, அவ்வளவுதான். ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்ட கலங்களில் பிளியோமைசினின் வலிமை இம்முறையினால் பல நூறு மடங்கு கூடியதாகக் கண்டறியப்பட்டது. இதனால் குறைந்த அளவு மருந்தே போதுமானதாகிறது. மின்துடிப்புப் படாத ஏனைய உறுப்புகளுக்கு மருந்து இரத்தத்தோடு போனாலும் அங்கே கலங்களுக்குள் அதிகம் புகுவதில்லை. வழமையான இரசாயன சிகிச்சையில் உண்டாகும் முடி உதிர்தல், இடைவிடாத வாந்தி போன்ற துன்பங்கள் இதில் குறைவாயிருப்பதற்கு அதுவே காரணம்.

எவ்வளவு மின்சாரம்?

“கறண்ட்” என்றதும் பயம் வருவது இயல்பே. மோட்டர் வயரில் கைபட்டு இறந்தவர்களை எமது கிராமங்கள் அறியும். ஆனால் இங்கே பயன்படுத்தப்படும் மின்சாரம் வேறு விதமானது. மின்வாய்களுக்கு இடையே ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் ஏறக்குறைய 1,000 வோல்ற்று என்ற அளவில் அழுத்தம் கொடுக்கப்படுகிறது. எமது வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று மட்டுமே என்பதை நினைத்தால் இது பெரிய அளவுதான். எனினும் ஒரு துடிப்பின் நீளம் ஒரு செக்கனின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. வழக்கமாக 8 துடிப்புகள் கொடுக்கிறார்கள். எட்டையும் கூட்டினாலும் ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கை எட்டாது.

நோயாளியை மயக்கியோ, அவ்விடத்தை விறைக்கச் செய்தோ இச்சிகிச்சை செய்யப்படுகிறது. பிளியோமைசினை நாளத்தில் ஏற்றி எட்டு நிமிடங்கள் சென்ற பின்னரே துடிப்பு கொடுக்கத் தொடங்குவார்கள். இருபத்தெட்டு நிமிடங்களுக்குள் அதை முடிக்க வேண்டும் என்பது ஐரோப்பிய வைத்தியர்கள் வகுத்துள்ள நடைமுறை. மருந்து கட்டியை அடைய வேண்டும், ஆனால் கலைந்து போய்விடவும் கூடாது. வாய்க்காலில் தண்ணீர் வந்து சேருமுன் வரம்பை வெட்டியும் பயனில்லை, தண்ணீர் வற்றிய பின் வெட்டியும் பயனில்லை.

இது எப்படி உருவானது?

1982இல் ஜேர்மனியில் எபர்ஹார்ட் நொய்மானும் அவரது கூட்டாளிகளும் மின்துடிப்பினால் கலச்சவ்வைத் திறந்து வெளியிலிருந்து மரபுப் பொருளை உள்ளே செலுத்தலாம் எனக் காட்டினர். அது ஆய்வுகூட வேலையாகவே இருந்தது. இதே வழியால் மருந்தையும் செலுத்தலாமே என்ற எண்ணம் பின்னர் பிறந்தது. 1980களின் இறுதியில் யப்பானிலும் பிரான்ஸிலும் விலங்குகளில் இதைச் சோதித்துப் பார்த்தனர்.

மனிதரில் முதன்முதலாக இதைச் செய்தது பாரிஸ் நகருக்கு அருகே வில்ஜுயிஃப் என்னுமிடத்திலுள்ள குஸ்தாவ் ரூசி புற்றுநோய் நிலையத்திலாகும். லூயி மிர் என்ற விஞ்ஞானியும் அவரோடு சேர்ந்த வைத்தியர்களும் 1991இல் தமது முதல் அனுபவத்தை வெளியிட்டனர். அவர்கள் தெரிந்தெடுத்த நோயாளர்கள் யார் என்பதே எமக்கு முக்கியமானது. அவர்கள் தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய் உடையவர்கள். ஏனைய சிகிச்சைகளுக்குப் பின்னரும் நோய் திரும்பி வந்து தோலில் கட்டிகளாக வெளிப்பட்டவர்கள். 1993இல் வெளிவந்த விரிவான அறிக்கையின்படி 8 நோயாளரின் 40 கட்டிகளுக்கு இச்சிகிச்சை அளிக்கப்பட்டது. அவற்றுள் 23 கட்டிகள் சில நாட்களிலேயே முற்றாக மறைந்தன.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மறைந்தவை சிகிச்சை அளிக்கப்பட்ட கட்டிகளேயன்றி அந்த நோயாளரின் முழு நோயும் அல்ல. உடலின் வேறிடத்தில் பரவியிருந்த நோயை இது தொடுவதில்லை. இந்த வேறுபாட்டை விளங்காதபடியால்தான் ஊர்ப்பேச்சு பெருத்துப் போகிறது.

பின்னர் பிரான்ஸ், டென்மார்க், அயர்லாந்து, ஸ்லோவேனியா ஆகிய நான்கு நாடுகளின் வைத்தியர்கள் ஒன்றுசேர்ந்து எவ்வளவு மருந்து, எத்தனை துடிப்பு, எந்த வகை மின்வாய் என்பனவற்றுக்கு ஒரே நடைமுறையை வகுத்தனர். 2006இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி தோலிலும் தோலுக்கு அடியிலும் இருந்த 171 கட்டிகளில் 85 வீதமானவை சுருங்கின அல்லது மறைந்தன. 74 வீதமானவை முற்றாகவே மறைந்தன. அதன் பின் ஐரோப்பாவில் பல மருத்துவமனைகள் இச்சிகிச்சையை ஏற்றுக்கொண்டன. அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகப் பேராசிரியை ராஜி சுந்தரராஜன் இத்துறை பற்றிய விரிவான நூலொன்றைத் தொகுத்து 2014இல் வெளியிட்டார்.

வாய்க்குள் இருக்கும் நோய்க்கு என்ன பலன்?

தோலிலுள்ள கட்டி வேறு, வாய்க்குள்ளும் தொண்டைக்குள்ளும் இருக்கும் புற்றுநோய் வேறு. முன்னையதில் கிடைத்த பலன் பின்னையதில் அப்படியே கிடைக்கவில்லை. 2017இல் ஐரோப்பிய வைத்தியர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில் வாய், தொண்டைப் பகுதிகளில் நோய் மீண்டும் தோன்றிய, வேறு நல்ல சிகிச்சை வழி எதுவும் எஞ்சியிராத 43 பேர் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 56 வீதமானோரில் கட்டி சுருங்கியது. முற்றாக மறைந்தது 19 வீதமானோரில் மட்டுமே, அதாவது 8 பேரில்.

வேறு வழியற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்குக் கட்டி மறைந்தது என்பது சிறிய காரியமல்ல. இரத்தம் கசியும் கட்டியில் இரத்தப் போக்கைக் கட்டுப்படுத்தவும் இம்முறை உதவுகிறது, ஏனெனில் மின்துடிப்பு அவ்விடத்து இரத்த ஓட்டத்தைச் சிறிது நேரம் குறைக்கிறது. ஒரு மனிதர் தமது கடைசி மாதங்களில் இரத்தக் கசிவின்றி, துர்நாற்றமின்றி, பேரப்பிள்ளையை மடியில் வைத்திருக்க முடிவதும் வைத்தியத்தின் வெற்றியே.

ஆனால் எல்லா முயற்சியும் வெற்றி பெறவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தலை, கழுத்துப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சைக்குப் பதிலாகவே மின்துடிப்பைப் பயன்படுத்தலாமா என்று பார்ப்பதற்கு அமெரிக்க நிறுவனமொன்று பெரிய பரிசோதனையொன்றை நடத்தியது. 2007இல் அதைக் கண்காணித்த குழுவினர் நன்மையையும் ஆபத்தையும் நிறுத்துப் பார்த்து, புதிய நோயாளரைச் சேர்ப்பதை நிறுத்துமாறு ஆலோசனை கூற, அது இடையில் நின்றுபோனது. ஆரம்ப நிலையிலுள்ள வாய்ப்புற்றுநோய்க்கு இன்றும் முதன்மையான சிகிச்சைகள் சத்திரசிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையுமே. “வெட்ட வேண்டாம், கறண்ட் பிடித்தால் போதும்” என்று யாராவது சொன்னால் அதை நம்பி வெட்டக்கூடிய காலத்தைத் தவறவிடாதீர்கள்.

பக்க விளைவுகளும் உண்டு. சிகிச்சை பெற்ற இடத்தில் நோவும் வீக்கமும் புண்ணும் ஏற்படலாம். நாக்கின் அடியிலோ தொண்டையிலோ வீக்கம் வந்தால் மூச்சு விடுவது சிரமமாகும். ஆகவே நோயாளியை ஆஸ்பத்திரியில் வைத்தே கவனிக்க வேண்டும். பெரிய இரத்தக் குழாய்க்கு மிக அருகில் கட்டி இருந்தால் ஆபத்து அதிகம். பிளியோமைசின் மொத்தத்தில் அளவு கூடினால் நுரையீரலைப் பாதிக்கக்கூடியது.

பணக்கார நாடுகளுக்கு மட்டும்தானா?

நோயாளியும் குடும்பமும் கேட்கும் நியாயமான கேள்வி இது. மின்துடிப்புச் சிகிச்சை எமது ஆஸ்பத்திரிகளில் வழமையாகக் கொடுக்கப்படும் சிகிச்சை அல்ல. கருவியும் மின்வாய்களும் விலை கூடியவை. அவற்றைக் கையாளப் பயிற்சி வேண்டும்.

எனினும் நம்பிக்கை தரும் ஒரு செய்தி டென்மார்க்கிலிருந்து வருகிறது. பிளியோமைசினுக்குப் பதிலாகச் சாதாரண கல்சியக் கரைசலைக் கட்டிக்குள் ஊசியால் ஏற்றி மின்துடிப்பு கொடுத்துப் பார்க்கின்றனர். கல்சியம் எமது எலும்பிலும் பல்லிலும் உள்ள அதே பொருள்தான். ஆனால் அளவுக்கு மிஞ்சிக் கலத்துக்குள் புகுந்தால் கலத்தின் சக்தி முழுவதும் தீர்ந்து அது மடிந்துவிடும். கல்சியம் மலிவானது, எங்கும் கிடைப்பது, புற்றுநோய் மருந்துகளைப்போல விசேட பாதுகாப்போடு கலக்க வேண்டியதில்லை. தலை, கழுத்துப் புற்றுநோய் உடைய சிலரில் இது பரிசோதிக்கப்பட்டுள்ளது. இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே இருக்கிறது. வெற்றி பெற்றால் எம்மைப் போன்ற நாடுகளுக்கும் எட்டக்கூடிய வைத்தியமாகலாம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. பற்றரியோடும் வயரோடும் ஊரூராக வந்து “மின்சார வைத்தியம்” செய்வதாகக் கூறுபவர்களிடம் ஏமாற வேண்டாம். நாம் மேலே விபரித்த சிகிச்சை, மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியரும் புற்றுநோய் நிபுணரும் கூடி நின்று ஆஸ்பத்திரியில் செய்வது. காலிலும் கையிலும் மெல்லிய கறண்ட் பிடிப்பதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

எமது புகையிலையும் நெய்யூர் ஆஸ்பத்திரியும்

இனி, கருவியே தேவைப்படாத ஒரு வைத்தியத்தைப் பற்றிப் பேசுவோம். அதற்கு ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும்.

வலிகாமத்துச் செம்மண்ணில் விளைந்த யாழ்ப்பாணப் புகையிலைக்கு 19ஆம் நூற்றாண்டில் கடல் கடந்த சந்தை இருந்தது. திருவிதாங்கூர் மக்கள் வெற்றிலையோடு சேர்த்துச் சப்புவதற்கு எமது புகையிலையை விரும்பி வாங்கினர். அந்தக் காசில் கல்வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் படித்தார்கள், குமர்கள் கரைசேர்ந்தார்கள். இது எமது சரித்திரம். இதை நாம் மறுக்கத் தேவையில்லை.

அதே திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில், இலண்டன் மிஷன் நடத்திய ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அங்கே பணியாற்றிய வைத்தியர் பென்ரல், 1,700 புற்றுநோயாளரைப் பற்றிய தமது குறிப்பை 1908இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையொன்றில் வெளியிட்டார். 1933இல் அதே ஆஸ்பத்திரியைச் சேர்ந்த வைத்தியர் ஓர், வெற்றிலை போடுவோருக்கு வரும் வாய்ப்புற்றுநோய் பற்றி எழுதினார். அந்த நோயாளர் சப்பிய வெற்றிலைக்குள் எமது தோட்டத்துப் புகையிலையும் இருந்திருக்கும் என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

அந்த வைத்தியர்கள் கண்டது சரியே என்று பின்னர் உலகம் ஏற்றுக்கொண்டது. புகையிலை சேர்த்த வெற்றிலைப் பழக்கம் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1985இல் அறிவித்தது. 2004இல் வெளியான அறிக்கையில், புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று திட்டவட்டமாகக் கூறியது. ஆகவே “நான் புகையிலை போடுறேல்லை, பாக்கு மட்டுந்தான்” என்று ஆறுதல் கொள்ள இடமில்லை. பாக்கு, கன்னத்தின் உட்புறத்தை நார்போல விறைக்கச் செய்து வாயைத் திறக்க முடியாமலும் ஆக்கிவிடும்.

கதையின் கடைசிப் பகுதியும் திருவிதாங்கூர் மண்ணிலேயே நடந்தது. 1996இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் வைத்தியர் சங்கரநாராயணனும் குழுவினரும் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினர். பயிற்சி பெற்ற சுகாதாரத் தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று மக்களின் வாய்களைப் பார்த்தார்கள். கையில் இருந்தது ஒரு வெளிச்சமும் இரண்டு கண்களுமே. சந்தேகமானவர்களை வைத்தியரிடம் அனுப்பினார்கள். 2005இல் முடிவு வெளியானபோது, புகையிலையோ மதுவோ பழகியவர்களில் வாய்ப்புற்றுநோயால் ஏற்படும் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஆயிரம் வோல்ற்று மின்துடிப்பு இன்னும் எட்டாத இடத்தில், ஒரு ரோச் லைற் இவ்வளவு உயிர்களைக் காத்திருக்கிறது.

வீட்டிலேயே வாயைப் பாருங்கள்

மாதம் ஒரு தடவை, வெளிச்சம் நன்றாக உள்ள காலை வேளையில் வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு ஒரு கண்ணாடியின் முன் நில்லுங்கள். உதடுகளை இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். இரு கன்னங்களின் உட்பக்கம், முரசு, நாக்கின் மேற்புறம், இரு ஓரங்கள், நாக்கை உயர்த்தி அதன் அடிப்பகுதி, அண்ணம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பின் விரல்களால் கழுத்தின் இரு பக்கமும் தடவிப் பாருங்கள். கண் மங்கிய முதியவர்களுக்கு வீட்டிலுள்ள பிள்ளைகள் இதைச் செய்து கொடுக்கலாம்.

பின்வருவனவற்றில் ஏதாவது ஒன்று காணப்பட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்:

1. இரண்டு வாரங்களுக்கு மேலாகியும் ஆறாத புண்.
2. துடைத்தாலும் போகாத வெள்ளைப் படை அல்லது சிவப்புப் படை.
3. உறைப்பான கறி வாயில் பட்டதும் முன்பில்லாத எரிவு.
4. மூன்று விரல்களை நிறுத்தி வைக்கும் அளவுக்கு வாய் திறக்க முடியாமை.
5. காரணமின்றி ஆடும் பல், விறைத்த உதடு அல்லது நாக்கு.
6. மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் குரல் அடைப்பு, விழுங்கும்போது நோவு.
7. கழுத்தில் நோவில்லாத கட்டி. நோவில்லைத்தானே என்று விட்டுவிட வேண்டாம். தொடக்கத்தில் புற்றுநோய் நோவதில்லை.

முதலில் அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் வைத்தியப் பிரிவுக்குச் செல்லலாம். அவர்கள் தேவையானால் யாழ் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். இச்சேவைகள் இலவசமானவை. ஒரு காலத்தில் புற்றுநோய் என்றால் மகரகமவுக்குப் போக வேண்டும் என்பதே எமது மக்களின் பெரும் பயமாக இருந்தது. பாதை அடைபட்ட ஆண்டுகளில் அந்தப் பயணம் முடியாமலே வீட்டில் கிடந்து மறைந்தவர்கள் உண்டு. 2011இல் தெய்வேந்திர முனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் தூரம் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் சேர்ந்து நடந்து நிதி திரட்டினர். அந்த நிதியைக் கொண்டு தெல்லிப்பழையில் கட்டப்பட்ட புற்றுநோய் வைத்தியசாலை 2013இல் திறக்கப்பட்டது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியேறிய அதே தெல்லிப்பழையில், இன்று குடாநாட்டின் நோயாளர் சிகிச்சை தேடி வந்து சேருகின்றனர்.

உறுதியோடு கிளினிக் புத்தகமும்

1995 ஒக்டோபர் 30இன் இரவை எமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. அந்த இரவிலும் காணி உறுதியைப் பொலித்தீனில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு வந்தவர்கள் பலர். அந்தப் பழக்கம் நல்லது. அதே பொலித்தீனுக்குள் கிளினிக் புத்தகத்தையும் நோய் நிர்ணய அட்டையையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் என்று கேட்கலாம். கதிர்ச் சிகிச்சை எந்த இடத்துக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது, எந்த மருந்து எத்தனை தடவை ஏற்றப்பட்டது என்பன தெரியாமல் அடுத்த வைத்தியர் எதையும் துணிந்து செய்ய முடியாது. பிளியோமைசின் போன்ற மருந்துக்கு வாழ்நாளில் இவ்வளவுதான் என்று எல்லை உண்டு. நாளை மின்துடிப்புச் சிகிச்சை எமது மண்ணுக்கு வந்தாலும், அதற்கு நீங்கள் தகுதியானவரா என்பதை அந்தத் துண்டுக் கடதாசியே தீர்மானிக்கும். இன்னும் சொந்தக் காணி விடுபடாமல் வாடகை வீட்டிலும் உறவினர் வளவிலும் இருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாயிருக்க வேண்டும். இடம் மாறினால் முதல் வேலையாகப் பக்கத்து ஆஸ்பத்திரியில் பதிந்துகொள்ளுங்கள்.

தட்டம் இருக்கட்டும், சப்புதல் வேண்டாம்

வெற்றிலைத் தட்டம் இல்லாமல் எமக்கு நல்ல காரியமும் இல்லை, கெட்ட காரியமும் இல்லை. அதை ஒழிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. தட்டத்தை நீட்டி வரவேற்பது பண்பாடு. அதை எடுத்துக் கும்பிட்டு வைத்துவிடுவதும் பண்பாட்டுக்கு உட்பட்டதே. விட முடியாதவர்கள் முதலில் இரவில் கன்னத்தில் அடக்கிக்கொண்டு தூங்குவதை நிறுத்துங்கள். பின் புகையிலையையும், அதன் பின் பாக்கையும் நிறுத்துங்கள். சிறுவர்களைக் கொண்டு வெற்றிலை இடிப்பிக்கவோ, கடைக்குச் சுருட்டு வாங்க அனுப்பவோ வேண்டாம். புகையிலை நடும் தோட்டக்காரர் அதற்குப் பதிலாக வெங்காயம், உருளைக்கிழங்கு, மிளகாய், முந்திரிகை ஆகியவற்றைப் பற்றி விவசாயப் போதனாசிரியரோடு கலந்து பேசலாம். சந்தை நிச்சயமில்லாமல் பயிரை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதை நாம் அறிவோம். கொஞ்சம் கொஞ்சமாக மாறினாலும் போதும்.

மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். தன் உடலைப் பற்றிய அறிவு ஒருவருக்குத் தன் மொழியில் கிடைக்க வேண்டும் என்பதே அவரது எண்ணம். இச்சிறு கட்டுரையும் அந்த வழியில் ஒரு முயற்சியே.

வாத நோயாளி ஒருவரை நான்கு பேர் சுமந்து வந்து, கூட்டத்தினால் வாசலில் நுழைய முடியாதபடியால் கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கிய சம்பவத்தை நற்செய்தியில் வாசிக்கிறோம். அந்த நோயாளி தானாக நடந்து வந்திருக்க முடியாது. சுமக்க நான்கு பேர் இருந்தார்கள். உங்கள் ஒழுங்கையில் சைவராயினும் கிறிஸ்தவராயினும், வாயில் ஆறாத புண்ணோடு “ரெண்டு நாளிலை ஆறும்” என்று சொல்லிக்கொண்டிருக்கும் ஓர் ஐயாவோ அம்மாவோ இருப்பார். இறைப்பை ஒரு நாள் பிந்திப் போடலாம். சைக்கிளிலோ ஓட்டோவிலோ அவரை ஏற்றிக்கொண்டு போய் வைத்தியரிடம் காட்டிவிட்டு வாருங்கள்.